லீனாவின் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்

கண் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். லென்ஸ் மாற்றிப் பார்ப்பது, பவர் எழுதுவது எல்லாம் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். அதையெல்லாம் நான் மறுபடி சொல்லப் போவதில்லை. காரைக்காலில் நெடுங்காலம் கண்ணாடிக் கடை வைத்திருந்து, இப்போது அதைத் தங்கை மகளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். அன்று காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். மதியத்துக்குள் எங்கள் தெருவே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. என் தொழிலில் நான் அவ்வளவு சிரித்த நாளும் கிடையாது, அவ்வளவு பயந்த நாளும் கிடையாது.

பெயர் லீனா. பத்தொன்பது வயது இருக்கும். பிரான்சில் பிறந்து வளர்ந்தவள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பிரான்ஸ் குடும்பம் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு வீடு அப்படி இருக்கும். லீவுக்கு வரும்போது கண்ணாடி மாற்றிக்கொண்டு போவது அவர்களுக்கு வழக்கம். அங்கே கண் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அதனால் லீனா உள்ளே வந்து, வளைந்துபோன கண்ணாடியை மேஜைமேல் வைத்து, "கொஞ்சம் நிமித்திக் குடுங்க ஆன்ட்டி" என்றபோது அது சாதாரண வேலையாகத்தான் தெரிந்தது.

எனக்கு வேலை பழக்கிய டாக்டர் ஒருவர் இருந்தார். கண்ணாடி உடைந்து வந்தால் முதலில் கண்ணாடியைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்பார். பார்த்தேன். வலது புருவத்துக்கு மேலே பிறை போல ஒரு தழும்பு. ஆறி அதிக நாள் ஆகவில்லை.

"என்னம்மா இது? வண்டியிலேர்ந்து விழுந்தியா?"

"இல்லைங்க. துப்பாக்கி இடிச்சிடுச்சு."

நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். அவளுக்குப் பின்னால் நின்ற அவளுடைய பெரியப்பா ராஜமாணிக்கம்தான் பெருமையோடு பதில் சொன்னார். "எங்க பொண்ணு பன்னி சுடுதுங்க. பிரான்சுல பரீச்ச எழுதி லைசென்சு வாங்கிடுச்சு!"

ராஜமாணிக்கத்தைத் தெரியாதவர் இங்கே குறைவு. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் லாரிகள் வைத்திருக்கிறார். எதையும் உரக்கத்தான் பேசுவார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, முட்டைகூடத் தொடாதவர், காதைப் பொத்திக்கொண்டார். "கடையில வந்து ஏங்க இதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்றீங்க? நாலு பேரு கேட்டா என்ன நெனைப்பாங்க?"

லீனா சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவள் வனத்துறைப் படிப்பு படிக்கிறாள். அவள் இருக்கும் பக்கத்துக் கிராமங்களில் காட்டுப்பன்றி சோளக் கொல்லையை உழுதுவிட்டுப் போகுமாம். குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள். ஒரு கூட்டம் காட்டுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு நாய்களோடு வரும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள். பன்றி குறுக்கே ஓடும். வரும் குளிர்காலத்தில் அவளையும் வரிசையில் நிறுத்தப் போகிறார்கள். அவளுடைய முதல் துப்பாக்கிக்கு அப்பா அங்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், பெரியப்பாவின் பரிசு.

பரிசு தயாராகவே இருந்தது. ராஜமாணிக்கம் ஆன்லைனில் வரவழைத்த பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே முழங்கை நீளத்தில் கறுப்பாக ஒன்று. முன்கண்ணாடி தயிர்க்கிண்ணம் அளவு.

"இருவத்திநாலு மடங்கு பெருசாக் காட்டும்," என்றார். "இதுக்கு மேல கடையிலயே இல்ல. நீங்க கண்ணுக்கே டாக்டரு மாதிரி. ஒரு தடவ பாத்து, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஊரில் பெரிய மனிதர், அன்பாக வாங்கிய பொருளோடு நிற்கிறார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பெண் ஸ்கோப்பைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தக்காரர் எடுத்துக் கொடுத்த, தனக்குச் சேராத நிறத்துப் புடவையைப் பார்க்கிற பார்வை அது.

"புருவத்துல எப்படி இடிச்சதுன்னு சொல்லும்மா," என்றேன்.

"வேற ஒருத்தரோட துப்பாக்கி. அதுல இதே மாதிரி பெரிய ஸ்கோப். கண்ண ரொம்பக் கிட்டக் கொண்டுபோனாத்தான் முழுசாத் தெரிஞ்சுது. சுட்டதும் துப்பாக்கி பின்னால வந்து இடிச்சிடுச்சு."

"ஸ்கோப் இல்லாத துப்பாக்கில சுட்டிருக்கியா?"

"வுய், ஆமா. ஆனா குண்டெல்லாம் இடது பக்கமாப் போவுது. இடது கண்ண மூடிட்டா சரியாப் போவுது. ரெண்டு கண்ணையும் தெறந்துதான் சுடணும், சுத்தி யாரு இருக்காங்கன்னு பாக்கணும்னு எங்க வாத்தியாரு திட்டுவாரு. எனக்கு மட்டும் வர மாட்டேங்குது."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அந்த வரிசையில் நிற்கப் போகும் ஒரே பெண் அவள்தான் என்று பிறகு தெரிந்தது. அங்கே சிலருக்கு அவள் வருவதே பிடிக்கவில்லையாம்.

துப்பாக்கி தெரியாதே தவிர, இது எனக்குத் தெரிந்த விஷயம்! நம் இரண்டு கண்களில் ஒன்று எப்போதும் முந்திக்கொள்ளும். நோயாளிகளிடம் நான் அதை 'முந்துற கண்' என்றுதான் சொல்வேன். வலது கைக்காரர்களில் பலருக்கு வலது கண் முந்தும். சிலருக்கு மாறி இருக்கும். அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது.

அவளை நிற்க வைத்து, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாக எதிரே உள்ள டீக்கடை பாய்லரைப் பார்க்கச் சொன்னேன்.

"வலது கண்ண மூடு. பாய்லர் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப இடத மூடு."

"ஐயோ, போயிடுச்சு! சுவருதான் தெரியுது!"

"உனக்கு இடது கண்ணுதான் முந்துது. நீ வலது தோள்ல வச்சு சுடுற. துப்பாக்கி ஒரு கண்ணு முன்னால இருக்கு, குறி பாக்குறது இன்னொரு கண்ணு."

லீனா கையை மறுபடி நீட்டி, மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள். "அப்ப என் கை நடுங்குறதால இல்லையா? எனக்குச் சுடத் தெரியாததால இல்லையா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு தூக்காத குறையாக ஆட்டினாள். என் கண்ணாடி வளைந்துவிட்டது.

ராஜமாணிக்கத்துக்கு இதில் பாதிதான் பிடித்தது. "சரிங்க, கண்ணு எதுவா இருந்தா என்ன? என் ஸ்கோப்ப மாட்டி எந்தக் கண்ணால பாத்தாலும் பன்னி பெருசாத் தெரியுமில்ல?"

வாதாடுவதில் பயன் இல்லை. பார்க்க வைத்தால் முடிந்தது. நான் சொன்னேன்: "மொட்டைமாடிக்கு வாங்க."

கடை வாசலில் மாட்டியிருந்த என் நீளக் குடையை எடுத்துக்கொண்டு போனோம். ராஜமாணிக்கமே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அதன்மேல் ஸ்கோப்பைக் கட்டினார். வளைந்த பிடி தோளுக்கு வாகாக இருந்தது. அவர் மனைவி மாடிப்படி ஏற முடியாது என்று கீழே கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஒரு வெள்ளாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றபடி நடந்துகொண்டிருந்தது.

"அதான் பன்னின்னு வச்சுக்க," என்றார் ராஜமாணிக்கம். "புடி!"

லீனா குடையைத் தோளில் வைத்துத் தேடினாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "சுவரு... சுவரு... ஒரு செருப்பு... சுவரு." ஆடு நகர்ந்துகொண்டே இருந்தது. "ஆ! கிடைச்சிடுச்சு! வெறும் முடிதான் தெரியுது. முதுகா வயிறான்னு தெரியல. போயிடுச்சு."

"குடுங்க நான் பாக்குறேன்," என்று ராஜமாணிக்கம் வாங்கினார். அவர் ரொம்ப நேரம் தேடினார். கடைசியில், "ஒரு காது தெரியுது," என்றார். கொஞ்சம் கழித்து, "அது டீ மாஸ்டரோட காது," என்றார்.

நான் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிதாகக் காட்டுகிற எதுவும் குறைவாகத்தான் காட்டும். அசையாமல் தூரத்தில் இருப்பதற்கு அந்த ஸ்கோப் அருமையானது. கிட்டத்தில் குறுக்கே ஓடுவதற்கு ஆகாது.

லீனாவுக்கு இது முன்பே தெரியும். பெரியப்பா மனம் நோகுமென்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது மெதுவாகச் சொன்னாள்: "பெரிசாவே காட்டாத மாதிரி, ஒரு மடங்குலேர்ந்து ஆரம்பிக்கிற ஸ்கோப் இருக்கு பெரியப்பா. சின்னது. ரெண்டு கண்ணும் தெறந்து வச்சுக்கலாம். கண்ணு தள்ளியே இருக்கலாம், இடிக்காது. எங்க பக்கம் வேட்டைக்கு நிறையப் பேரு அதத்தான் வச்சிருக்காங்க."

அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. இரண்டு கண்ணும் திறந்து பார்ப்பதென்றால் முந்துகிற கண் எந்தப் பக்கமோ அந்தத் தோளில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். வலது தோளிலேயே வைத்துக்கொள்வதானால் இடது கண்ணை மூடியாக வேண்டும். மூடினால் இடப்பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எந்த ஸ்கோப் என்பதற்கு முன்னால் எந்தத் தோள் என்று முடிவாக வேண்டும்.

கீழே ஓடிப்போய், லென்ஸ் பார்சலில் வந்த அட்டைக்குழாயில் ஒரு துண்டு வெட்டி, கறுப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். பெரிய ஸ்கோப்பை அவிழ்த்துவிட்டு, குடையின் முனைப் பக்கம் இந்த வளையத்தை ஒட்டினோம். ஒரு மடங்கு ஸ்கோப் தயார்.

"வலது தோள். ரெண்டு கண்ணும் தெறந்திரு. ஆட்டு மேல நூல் வந்ததும் சொல்லு."

"வந்துடுச்சு!"

நான் பின்னால் நின்று பார்த்தேன். குடையின் நுனி ஆட்டை விட்டு இடப்பக்கம், மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப இடது தோளுக்கு மாத்து."

மாற்றினாள். முதலில் இடது கையால் சட்டைப் பொத்தான் போடுகிறவள் மாதிரி தடுமாறினாள். பிறகு நிமிர்ந்தாள். ஆடு குறுக்கே ஓடியது. குடையும் அதோடு வழுக்கிக்கொண்டே போனது, நுனி ஆட்டின் தோளை விட்டு அசையவில்லை. "இருக்கு! இருக்கு! ஓடுது, ஆனா இருக்கு! பின்னால சைக்கிள் வர்றது கூடத் தெரியுது!" என்று அவள் கத்த, "விடாத! விடாத!" என்று ராஜமாணிக்கம் குதிக்க, நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

தெருவில் சத்தமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கீழே பார்த்தேன். டீ மாஸ்டர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ். பெஞ்சில் இருந்தவர்கள் கை தூக்கியிருந்தார்கள். சைக்கிள்காரர் சைக்கிளை விட்டுவிட்டுக் கை தூக்கியிருந்தார். மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆடு மட்டும் மறுபடி சுவரொட்டி தின்ன ஆரம்பித்தது.

"குடைங்க! குடை!" என்று நான் கத்தினேன். யாரும் கையை இறக்கவில்லை.

சொல்லிச் சரிசெய்யலாம் என்று நினைப்பதற்குள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். ரோந்து வந்த பெண் காவலர் ஒருவர் மேலே வந்துவிட்டார். அவருக்கும் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்திருந்தது. "கீழ வைங்க! மொதல்ல கீழ வைங்க!"

லீனா குடையைத் தரையில் வைத்தாள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட், துப்பாக்கி லைசென்ஸ், மொட்டைமாடி. ஒரு தப்பான வார்த்தை போதும், அந்தப் பெண்ணின் லீவு ஸ்டேஷனில் போய் நிற்கும். ராஜமாணிக்கம் வாயைத் திறந்து, "மேடம், இது பன்னி சுடுறதுக்குப் பழகுறதுங்க," என்றார். நல்ல வேளை, அதைவிட மோசமாக ஒன்றும் சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

நான் அவரைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போனேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உங்கள பயமுறுத்திட்டோம்மா, தெருவையும் பயமுறுத்திட்டோம். தப்பு எங்க மேல. நீங்களே எடுத்துப் பாருங்க," என்றேன். பயந்திருப்பவரிடம் நியாயம் பேசக்கூடாது, பிள்ளைகளே. முதலில் பயம் போகட்டும்.

அவர் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிடியிலிருந்த பொத்தானை அமுக்கினார். படாரென்று குடை விரிந்தது. அட்டை வளையம் பறந்துபோய் ராஜமாணிக்கத்தின் மூக்கில் பட்டது.

அந்தக் காவலர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. விரித்த குடையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் சிரிக்க, கீழே டீ மாஸ்டர் மெதுவாகக் கையை இறக்கினார்.

"படிச்சவங்க நீங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "கீழ வந்து எல்லாருக்கும் காட்டிட்டுப் போங்க."

நாங்கள் மூவரும் விரித்த குடையோடு தெருவில் இறங்கி, டீக்கடை, மருந்துக்கடை, சைக்கிள்காரர் என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டோம். ராஜமாணிக்கம் எல்லோருக்கும் டீ சொன்னார். அவர் மனைவி கடையிலிருந்து வெளியே வந்து, "நான் அப்பவே சொன்னேன்," என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கண் முந்துகிற கதையைக் கேட்டதும் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கையை நீட்டி ஓட்டை வைத்துக்கொண்டு பாய்லரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். காவலரும் சும்மா இருக்கவில்லை.

"மேடம், எனக்கும் ஒரு தடவ பாத்துடுங்க. பயிற்சிக்குப் போனா எனக்கும் குறி தப்பிக்கிட்டே இருக்கு."

பார்த்தேன். வலது கை, வலது கண். எல்லாம் கச்சிதம்.

"அப்ப கண்ணு காரணம் இல்லையா?"

"இல்லைங்க."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றார்.

சிரிப்பெல்லாம் அடங்கியபின் லீனாதான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வலது கைக்கான துப்பாக்கி ஆர்டரில் இருக்கிறது. தோளை மாற்றுவதென்றால் குளிர்காலத்துக்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். மாற்றாமல் சமாளிக்கவும் வழி உண்டு. கண்ணாடியின் இடது பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டையும் சொன்னேன். எது நல்லது என்று மட்டும் சொல்லவில்லை. துப்பாக்கி அவளுடையது, நிற்கப் போகிற இடமும் அவளுடையது.

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். அங்கே இன்னும் காலை வேளைதான். "அப்பா, ஆர்டர மாத்தணும். இடது கைத் துப்பாக்கி வேணும்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அவள், "இல்லப்பா, குடிக்கல. கண்ணு டெஸ்ட் பண்ணேன்," என்றாள்.

ராஜமாணிக்கம் பெரிய ஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். முகம் சுருங்கியிருந்தது. லீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னத நீங்கதான் வாங்கித் தரணும் பெரியப்பா. சின்னதுலயே நல்லதா," என்றாள். அவர் நிமிர்ந்தார். "சின்னதுலயே பெருசா வாங்கிடுவோம்," என்றார்.

குளிர்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ராஜமாணிக்கம் போனும் கையுமாக என் வீட்டுக்கே வந்துவிட்டார், மனைவியோடு. திரையில் லீனா; ஆரஞ்சுத் தொப்பி, சிவந்த மூக்கு, பின்னால் மரங்கள்.

"ஆன்ட்டி, இன்னைக்குப் பன்னி வந்துச்சு. பெருசு. நேரா என் முன்னால ஓடுச்சு. இடது தோள்ல வச்சேன், ரெண்டு கண்ணும் தெறந்திருந்துச்சு. நூல் அது மேலயே நின்னுச்சு. விரல வைக்கப் போனேன்."

"அப்புறம்?" என்றார் ராஜமாணிக்கம்.

"அதுக்குப் பின்னால, ஓரத்துல, புதருக்குள்ள ஆரஞ்சா ஒரு துண்டு தெரிஞ்சுது. நாய வெரட்டிக்கிட்டு ஒருத்தர் வழி தவறி வந்துட்டாரு. அவரு வரவேண்டிய எடமே இல்ல அது. நான் துப்பாக்கிய இறக்கிட்டேன்."

ராஜமாணிக்கத்தின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் வந்தாங்க. அந்த ஆளு அழுதுட்டாரு. என்ன வரிசையில நிக்க விடக்கூடாதுன்னு சொன்ன தாத்தா ஒருத்தரு இருந்தாருல்ல, அவரு தொப்பிய கழட்டிட்டு எனக்குக் கை குடுத்தாரு. அடுத்த வாரம் நீ என் பக்கத்துல நில்லுன்னாரு."

"பன்னி?" என்றார் பெரியம்மா.

"தப்பிச்சிடுச்சு பெரியம்மா."

"நல்லதாப் போச்சு!" என்று அவர் கைதட்டினார்.

ராஜமாணிக்கம் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "நான் வாங்கினத மாட்டியிருந்தா?"

"பன்னியோட காது மட்டும் தெரிஞ்சிருக்கும்," என்றாள் லீனா.

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு என் வாசலுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து, யாரையோ கூப்பிட்டு என்னவோ சொன்னார். இந்த முறை எனக்குக் கேட்காதபடி, மெதுவாக.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போகும் சாலையில், அவருடைய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக என் வீட்டு முன்னால் வந்தன. ஒவ்வொன்றும் நின்று, முதலாளி சொல்லி அனுப்பிய நன்றியாக நீளமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். நான் இரவு உடுப்போடு கேட்டில் நின்று, ஒவ்வொரு டிரைவருக்கும் இரண்டு கைகளாலும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன்.